ஞாயிற்றுக்கிழமைச் சாமி

மோகனூர்க்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தன் மனைவியின் கட்டிலுக்கு முன்னால் கைகூப்பி நின்றார். கட்டிலில் அந்த அம்மாள் தலைமுடி அவிழ்ந்து, கழுத்தெல்லாம் வேர்வை வழிய, கைகால் வெடவெடக்க உட்கார்ந்து, நம் கண்ணுக்குத் தெரியாத யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு அப்பால் ஆஸ்பத்திரி மாதா கோயிலில் ஞாயிறு பாட்டுப் பூசை நடந்துகொண்டிருந்தது. லத்தீன் பாட்டும் ஆர்மோனியச் சத்தமும் வார்டுக்குள் மிதந்து வந்தன. "ஆரு வந்திருக்கறதுங்க? குலசாமியா, கன்னிமாரா? ஆருன்னு சொன்னாத்தானுங்களே நாங்க என்ன குத்தம் பண்ணுனம்னு தெரியும்?" என்று அவர் கேட்டார். பக்கத்துக் கட்டில் பெண்களும் எழுந்து உட்கார்ந்து கும்பிட்டார்கள். அப்போது வார்டு சிஸ்டர் ஒரு பெரிய டம்ளரோடு வந்தார். "சாமிக்குத் தாகமா இருக்குது. கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்லி, அந்த அம்மாளின் தாடையைப் பிடித்து, குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தார். கொஞ்ச நேரத்தில் சாமி மலையேறியது. அம்மாள் சுற்றிலும் பார்த்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏனுங்க, இன்னும் பலகாரம் வரலீங்களா?" என்றார்.

அந்தக் கேள்விக்குள் எல்லா விடையும் இருந்தது. அது எங்களுக்குப் புரிய இன்னும் சில வாரங்கள் ஆயின.

இது 1958ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். நயா பைசா வந்து ஒரு வருஷம் கடந்தும் சந்தையில் அணாக் கணக்கே பேசிக்கொண்டிருந்த காலம். சேலத்தில் கன்னியர் நடத்திய ஒரு ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் நான் வேலையாக இருந்தேன். அம்மாபேட்டையிலிருந்து சைக்கிளில் போய்வருவேன். வார்டு சிஸ்டர் கன்னியர் சபையைச் சேர்ந்தவர் அல்ல. ஆத்தூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, சென்னையில் நர்ஸ் படிப்பை முடித்து வந்தவர். என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவராக இருக்கலாம். நின்று பேசும் வழக்கமே அவருக்குக் கிடையாது. நடந்தபடியே பேசுவார், நாமும் கூடவே நடக்க வேண்டும். வார்டின் ஒரு கோடியில் ஆரம்பித்த வாக்கியம் மறு கோடியில் முடியும். அவருடைய பொறுப்பில்தான் பெண்களுக்கான சர்க்கரை நோய் வார்டு இருந்தது.

இன்றைக்கு விரல் நுனியில் ஒரு குத்துக் குத்தினால் சர்க்கரை அளவு தெரிந்துவிடுகிறது. அன்று அப்படி ஒன்றும் கிடையாது. நாளும் சிறுநீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, நீல மருந்து சேர்த்து, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைப்பேன். சர்க்கரை இல்லை என்றால் நீலம் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, கூடினால் மஞ்சள், மிகவும் கூடினால் செங்கல் சிவப்பு. ரத்தத்தில் பார்க்க வேண்டுமானால் கையில் ஊசி குத்திக் குழாயில் எடுத்து, அரை நாள் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். இன்சுலின் ஐஸ் பெட்டியில் இருக்கும். கண்ணாடி ஊசிகளைத் தினமும் கொதிக்க வைத்து, ஒரே ஊசியைப் பல பேருக்கு மாற்றி மாற்றிப் போடுவார்கள். இந்த ஏற்பாட்டில் யாரும் சோம்பேறி இல்லை, யாரும் அலட்சியக்காரர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் நடந்த தவறு சோம்பலால் நடந்ததல்ல. எல்லோரும் அவரவர் கடமையைச் சரியாகச் செய்ததால் நடந்தது.

மோகனூர் அம்மாளுக்கு ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். காவிரிக் கரையில் நஞ்சையும் கரும்புத் தோட்டமும் உள்ள குடும்பம். கரும்பு வெட்டிய வயலில் கட்டை குத்தி வலது பாதத்தில் புண்ணாகி, வேப்பிலை மஞ்சள் என்று பார்த்துப் பார்த்து, சுண்டு விரல் கறுத்த பிறகே கொண்டுவந்தார்கள். ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள் அது. வண்டியிலிருந்து இருவர் தூக்கி வந்தார்கள். வந்த வாரமே சுண்டு விரலை எடுத்தாகிவிட்டது. வார்டு மருந்தையும் கவனித்த எங்கள் அறுவை மருத்துவர் அதிகம் பேசாதவர், நோயாளியின் முகத்தைவிடக் காலைத்தான் அதிகம் பார்ப்பார். அவர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "சர்க்கரை இறங்கினால் புண் ஆறும். இறங்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான்" என்றார். அந்த வருஷத்தில் வார்டில் சிலருக்கு அப்படிக் கால் எடுத்திருந்தார்கள். அதனால் அந்தச் சொல் வெறும் பயமுறுத்தல் இல்லை என்பது அம்மாளுக்கும் தெரியும்.

சர்க்கரையை இறக்க இன்சுலின் வேண்டும். இன்சுலின் போட்டால் இந்த அம்மாளுக்குச் சாமி வந்தது. அது தாழ்ந்த சர்க்கரையின் மயக்கம் என்பது டாக்டருக்கும் சிஸ்டருக்கும் நன்றாகத் தெரியும். எனவே ஒவ்வொரு முறை மயக்கம் வந்ததும் டாக்டர் மருந்தைக் குறைப்பார். குறைத்ததும் அடுத்த நாளிலிருந்து என் குழாய்களில் மறுபடி செங்கல் சிவப்பு ஏறும். திங்கள், செவ்வாய், புதன் முழுக்கச் சிவப்பு. மருந்து போதவில்லை என்று கொஞ்சம் கூட்டுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமி வந்துவிடும். ஒரே மருந்து வாரநாளில் போதவில்லை, ஞாயிற்றுக்கிழமை அதிகமாகிவிடுகிறது. "இந்த அம்மாள் உடம்பு எனக்கு விளங்கவில்லை" என்றார் டாக்டர். அவர் அப்படிச் சொல்லிக் கேட்டது அதுவே முதல் தடவை.

மோகனூர்க்காரருக்கு இதில் விளங்காதது எதுவும் இருக்கவில்லை. "ஊசி வேண்டாமுன்னு சாமியே வந்து சொல்லுதுங்க. நாம கேக்காட்டி அதுக்குக் கோவம் வராதுங்களா? நான் கூட்டீட்டுப் போறனுங்க. ஊட்டுல வெச்சுப் பாத்துக்கறம்" என்று தினமும் சிஸ்டரிடம் வந்து நிற்பார். வீட்டுக்குப் போனால் கால் மட்டுமல்ல, உயிரும் போய்விடும் என்பது சிஸ்டருக்குத் தெரியும். இருக்கச் சொன்னால், ஊசிக்கு மயக்கம், ஊசி இல்லாவிட்டால் கத்தி. சிஸ்டர் அவருக்கு ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: "அடுத்த ஞாயிறு வரைக்கும் இருங்க, பார்க்கலாம்."

அம்மாள் மட்டும் சிரிப்பை விடவில்லை. ஒரு மாலையில் சிஸ்டர் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார், நான் மறுநாள் பரிசோதனைக்கான புட்டிகளை வைக்கப் போயிருந்தேன். அம்மாள் சிஸ்டரைச் சீண்டினார். "ஏனுங் சிஸ்டரம்மா, உங்க கோயல்ல மணியடிச்சா உங்க சாமி வரோணும். எங்க சாமிக்கு அங்க என்னங்க சோலி? அதுலயும் பாருங்க, தெனம் நடக்குற சின்னப் பூசைக்கு வர மாட்டேங்குது. பெரிய பாட்டுப் பாடுனாத்தான் எறங்குது. பாட்டுக்கு மயங்குன சாமியாட்டம் இருக்குது!"

வார்டே சிரித்தது. சிஸ்டரும் சிரிக்க ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார். கட்டை முடித்து முடிச்சுப் போட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தார். நானும் கூடவே நடந்தேன். "சார், பாட்டுப் பூசை இருக்குற அன்னைக்குத்தான் வருது. அப்ப அது ஊசியில இல்ல" என்றார் கதவருகே. "ஆனா ஒரு வெள்ளிக்கிழமையும் வந்துச்சே?" என்று அவரே மறுத்துக்கொண்டார். நாள் கிழமைகளைத் தலையில் சேர்த்து வைக்கும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. "அந்த வெள்ளிக்கிழமை ஆகஸ்ட் பதினைந்து சிஸ்டர். நமக்குச் சுதந்திர தினக் கொடியேற்றம் மட்டும் இல்லை, மாதாவின் மோட்சத் திருநாளும் அன்றுதான். பாட்டுப் பூசை, பிரசங்கம், ஆசீர்வாதம் எல்லாம் இருந்தது" என்றேன். அவர் நடையை நிறுத்தினார். அவர் நின்று பேசி நான் பார்த்த சில தருணங்களில் அது ஒன்று.

நின்ற இடத்திலேயே முழுக் கதையும் அவிழ்ந்தது. இரவு வேலை நர்ஸ், வேலை முடிவதற்கு முன் கோயிலின் முதல் மணி அடித்ததும் எல்லோருக்கும் ஊசி போட்டுவிட்டு நேராகப் பூசைக்குப் போவார். சமையல் கூடத்துப் பெண்கள் எல்லோரும் என்னையும் சிஸ்டரையும் போலக் கத்தோலிக்கர்கள். வாரநாளில் பூசை சுருக்கமாக முடியும், ஒருத்தி அடுப்படியிலேயே இருப்பாள், ஊசி போட்ட கையோடு பலகாரம் வந்துவிடும். ஞாயிறும், ஞாயிறு போலவே பூசை கட்டாயமான கடன் திருநாளும் அப்படியல்ல. யாரும் பூசையைத் தவறவிட மாட்டார்கள். பாட்டு, பிரசங்கம், ஆசீர்வாதம் எல்லாம் முடிந்து வந்த பிறகே அடுப்பில் தீ ஏறும். உடம்புக்குள் போன இன்சுலின் அதுவரை காத்திருக்குமா? மற்றக் கட்டில்களில் அது தலைச்சுற்றலோடு போனது, இந்த அம்மாளுக்குச் சாமியாக வந்தது. ஊசி போட்டவர் சரியான நேரத்தில் போட்டார். சமைப்பவர்கள் கடவுளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வந்தார்கள். இரண்டும் புண்ணியம். இரண்டுக்கும் நடுவில் வெறும் வயிற்றோடு மோகனூர் அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஞாயிறு நாங்கள் இருவரும் டவுன் கோயிலின் விடியற்காலைப் பூசையைப் பார்த்துவிட்டு வார்டுக்கு வந்து நின்றோம். சிஸ்டர் ஒரு கையில் குளுக்கோஸ் டம்ளரை வைத்துக்கொண்டு, மறு கையால் அம்மாளின் உள்ளங்கையைப் பிடித்தபடி அமர்ந்திருந்தார். வெளியே பிரசங்கம் நீண்டது. உள்ளங்கை ஈரமான நொடியில் எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் ரத்தம் எடுத்தேன், அவர் டம்ளரை வாயில் வைத்தார். அன்று சாமி வாசல் வரை வந்து திரும்பிப் போனது. மாலையில் கணக்குப் பார்த்தபோது, பாதியாகக் குறைத்திருந்த மருந்துக்கே சர்க்கரை அடிமட்டத்துக்குப் போயிருந்தது.

டாக்டர் என் மேஜையருகே நின்று அதைப் பார்த்தார். "அப்படியானால் மருந்து கூடவில்லை. சோறு தாமதம்." பிறகு சிஸ்டர் பக்கம் திரும்பி, "காலை நான் ஆபரேஷன் பண்ணலாம். கோயிலை நான் ஆபரேஷன் பண்ண முடியாது, சிஸ்டர். மதரிடம் நீங்களே பேசுங்கள். ஒரு மாதம் பொறுக்கிறேன். அதற்குள் கறுப்பு மேலே ஏறினால் எடுத்துவிடுவேன்" என்றார்.

மதர் என்று நாங்கள் அழைத்தது ஆஸ்பத்திரியின் தலைவிக் கன்னியரை. நல்லவர், கண்டிப்பானவர். சிஸ்டர் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "சமைக்கிற பெண்களுக்கு மட்டும் ஞாயிறு கடன் இல்லையா? அவர்களைப் பூசையை விட்டுவிடச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை" என்றார். ஊசியைத் தள்ளிப்போடலாம் என்றால், போட வேண்டிய பகல் நர்ஸும் அந்த நேரத்தில் கோயிலில்தான் இருப்பார். ஒரே குருவானவர், ஒரே பூசை. சிஸ்டர் கொஞ்சம் யோசித்து, "நான் டவுன்ல முதல் பூசை பார்த்துட்டு வந்து அடுப்பு மூட்டட்டுமா, மதர்?" என்று கேட்டார். "உன் பூசையை நீ விடாமல் செய்வதானால் எனக்கென்ன தடை?" என்றார் மதர். அவர் அதைச் சம்மதமாகச் சொன்னாரா, இரண்டு வாரத்தில் ஓய்ந்துவிடும் என்று சொன்னாரா, எனக்குத் தெரியாது.

சிஸ்டருக்கு மருந்து தெரியும், சமையல் தெரியாது. சென்னையில் விடுதிச் சாப்பாட்டில் வளர்ந்தவர். எனக்கும் தெரியாது. மோகனூர்க்காரர் தானும் வருவேன் என்று நின்றார். "என்ற பொண்டாட்டிக்கு ஆக்கறதுக்கு நீங்க ரெண்டு பேரு புகையில நிப்பீங்க, நான் வராந்தாவுல குந்தீட்டு இருக்கறதுங்களா?" என்று கேட்டார். ஆனால் அடுப்படிக்குள் வந்ததும் திகைத்துவிட்டார். "எங்கூட்டுல அடுப்பு எந்தத் தெசையில இருக்குதுன்னே எனக்குத் தெரியாதுங்க. சொன்னீங்கன்னா வெறகு ஒடைப்பேன்." பண்ணையத்தில் பத்து ஆளை ஏவுகிறவர் வேட்டியை மடித்துக் கட்டி விறகு உடைத்தார், ஊதுகுழலால் ஊதினார், புகையில் அழுதார். முதல் ஞாயிறு செய்த கோதுமை ரவை உப்புமாவைக் கரண்டியால் எடுக்க முடியவில்லை, கத்தியால் வெட்டி எடுத்தோம். அம்மாள் ஒரு வாய் வைத்துவிட்டு, "ஊசி எத்தன வேணுமின்னாலும் போடுங்க. இத மட்டும் இனிமேப்பட்டு வேண்டாமுங்க" என்றார். ஆனால் சாப்பிட்டார். ஊசிக்கும் உப்புமாவுக்கும் இடையே கோயிலில் ஒரு பாட்டு முடியக்கூட நேரமிருக்கவில்லை. சாமி வரவில்லை.

இரண்டாவது ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு மதரே அடுப்படி வாசலில் வந்து நின்றார். சிஸ்டர் சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தார். மோகனூர்க்காரர் உடனே ஒரு தட்டில் உப்புமாவை வைத்து நீட்டினார். "ஏனுங்க மதரம்மா, உப்புப் பாத்துச் சொல்றீங்களா? இவங்க ரெண்டு பேரு நாக்குக்கும் ஒண்ணும் தெரியறதில்லீங்க." மதர் லேசாகச் சிரித்து, "நான் இன்னும் நற்கருணை வாங்கவில்லை. பூசைக்கு முன் சாப்பிடக் கூடாது" என்றார்.

"நீங்க சாப்பிடாம இருக்கலாமுங்க" என்றார் அவர், தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு. "நீங்க ஊசி போட்டுக்கலீங்களே."

அவர் அதை எதிர்வாதமாகச் சொல்லவில்லை. இரண்டு வார அடுப்படி அனுபவத்தில் தான் கற்றதை அப்படியே சொன்னார். மதர் கோயிலுக்குப் போய்விட்டார். அந்த வாரம் கன்னியர் மடத்தில் என்ன பேச்சு நடந்தது என்பது எங்கள் காதுக்கு வரவில்லை. அடுத்து வந்த நாட்களில் ஒரு உத்தரவு வந்தது: சர்க்கரை வார்டின் தட்டுகள் சமையல் கூடத்தை விட்டுப் போன பிறகே ஞாயிறு பூசைக்கு மணி அடிக்க வேண்டும். பெண்கள் முன்னதாக வந்து சமைத்துவிட்டுப் பூசைக்குப் போக வேண்டும். அதன்பின் ஞாயிறுதோறும் கோயில் உபதேசியார் மணிக்கயிற்றைக் கையில் பிடித்தபடி அடுப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பார். உப்புமா கோயிலைக் காக்க வைத்த ஆஸ்பத்திரி இந்தப் பக்கத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

வென்றுவிட்டோம் என்று நாங்கள் நினைத்தபோதுதான் அடி விழுந்தது. உத்தரவு வந்த வாரமே சனிக்கிழமை காலையில் அம்மாளுக்குச் சாமி வந்துவிட்டது. முன்னைவிடப் பலமாக. ஞாயிறு இல்லை. திருநாள்களை எல்லாம் புரட்டிப் பார்த்தேன், கடன் திருநாளும் இல்லை. பலகாரமும் நேரத்துக்குப் போயிருந்தது, சிஸ்டரே பார்த்திருந்தார். மோகனூர்க்காரர் மூட்டையைக் கட்டத் தொடங்கிவிட்டார். டாக்டர் புண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அவர் கொடுத்த ஒரு மாதம் முடிய இன்னும் சில நாட்களே இருந்தன.

சிஸ்டர் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். அங்கே தட்டு இருந்தது, மேலே வாழையிலை மூடி, உப்புமா தொடாமல். அம்மாளின் முகம் வாடிவிட்டது. "இன்னிக்குப் பொரட்டாசி மொதச் சனிங்க. பெருமாளுக்குத் தளிகை போடாம பல்லுல தண்ணி படக் கூடாதுங்க. நீங்க அத்தன பாடுபட்டு ஆக்கறீங்க, வேண்டாமுன்னு சொன்னா மனசு நோவீங்களேன்னு..." சிஸ்டர் கோபப்படவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நம்ம சனத்தோட பூசையை மட்டும் கணக்குல எடுத்தோம் சார். இவங்க பூசையை மறந்துட்டோம்" என்று என்னிடம் சொன்னார். பிறகு அம்மாளிடம், "விரதம் இருங்க அம்மா, நான் தடுக்கல. முதல் நாள் சாயங்காலமே என்கிட்ட சொல்லிடுங்க. ஊசியும் பெருமாளுக்கு அப்புறமே வரும்" என்றார்.

அன்றிலிருந்து அந்த வார்டில் கோயில் மணிக்கு ஊசி என்பது ஒழிந்தது. தட்டு முன்னால் வந்து, முதல் கவளம் வாய்க்குள் போவதை நர்ஸ் கண்ணால் பார்த்த பிறகே ஊசி. சாயங்காலம் ஒவ்வொரு கட்டிலிலும் "நாளைக்கு விரதமா?" என்று ஒரு கேள்வி. சனி, கிருத்திகை, அமாவாசை, எங்கள் ஆட்களுக்கு வெள்ளிக்கிழமைக் காலை உணவை ஒறுத்தல், எல்லாம் வெளியே வந்தன. முந்திய மாதங்களில் விளங்காமல் போன எத்தனையோ மயக்கங்களுக்கு அப்போது விளக்கம் கிடைத்தது. அவற்றில் சிலவற்றுக்காக மருந்தைக் குறைத்திருந்தோம். குறைத்ததால் புண் முற்றியிருக்கும்.

இன்னொன்றும் சிஸ்டர் செய்தார். சோதனைக் குழாயின் நிறத்தைத் தாளில் எழுதிக் கொடுத்தால் அது டாக்டரோடு நின்றுவிடுகிறது, படுத்திருப்பவருக்குத் தெரிவதில்லை என்பது அவருக்குக் குறை. என்னிடம், "உங்க தெருவுல சாய நூல் கழிவு கிடைக்குமா?" என்று கேட்டார். அம்மாபேட்டை நெசவுத் தெருவில் அதற்குப் பஞ்சமா? நீலம், பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று நாலு நிறத்தில் நூல் துண்டுகள் ஒரு பை கொண்டுபோனேன். காலையில் யாருக்கு என்ன நிறம் வந்ததோ அந்த நூலை அவர் கட்டில் தலைமாட்டுக் கம்பியில் சிஸ்டர் கட்டினார். வாசலில் நின்றாலே முழு வார்டின் நிலைமையும் தெரிந்தது. பச்சைதான் நல்ல நிறம் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்தார். நீலம் என்றால் சர்க்கரை மிகத் தாழ்ந்திருக்கலாம், உடனே போய் அந்த உள்ளங்கையைத் தொட்டுப் பார்க்க வேண்டும், ஈரமா என்று. டாக்டர் இப்போது பயமில்லாமல் மருந்தைக் கூட்டினார்.

பெண்களுக்கு அது பெரிய விளையாட்டாகிவிட்டது. சிவப்பு நூல் கட்டப்பட்டவரை மற்றவர்கள் விடமாட்டார்கள். "ஏ அம்மிணி, நேத்து உன்ற மருமக தூக்குல கொண்டாந்தது என்ன? மோரா? மோருக்கா இத்தன செவப்பு?" என்று மோகனூர் அம்மாள் கட்டிலிலிருந்தே விசாரிப்பார். அந்தப் பக்கத்திலிருந்து, "நீங்க மட்டும் என்னவாம்? கரும்புத் தோட்டத்துக்காரி பக்கத்துல படுத்தாலே எனக்கு ஏறுது" என்று பதில் வரும். நர்ஸுகள் அதட்டி நடக்காத பத்தியம் இந்தக் கிண்டலில் நடந்தது. அம்மாளின் கட்டிலில் சிவப்பு மஞ்சளாயிற்று. மஞ்சள் இரண்டு மூன்று நாள் போக்குக் காட்டிவிட்டுப் பச்சையாயிற்று. டாக்டர் கொடுத்த கெடு வந்த நாளன்று அவர் கட்டைப் பிரித்தார். நாங்கள் எல்லோரும் ஏதோ வேலை இருப்பதுபோல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தோம். கறுப்பு நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. அதன் ஓரத்தில் சிவந்த புதுச் சதை, மாதுளை முத்துப்போல் பொடிப் பொடியாக எழும்பியிருந்தது. டாக்டர் புதுக் கட்டுப் போட்டார். கையைக் கழுவிக்கொண்டு, கத்திக்கு எழுதியிருந்த நாளை அடித்துவிட்டுப் போனார். சிஸ்டர் வார்டின் மறு கோடி வரை நடந்து போனார். அங்கே ஜன்னல் பக்கம் திரும்பிச் சற்று நேரம் நின்றுவிட்டு, வழக்கமான வேகத்தில் திரும்பி வந்தார்.

அந்த ஏற்பாடு மற்ற வார்டுகளுக்கும் பரவியது. அறுபதுகளில் நான் அங்கே இருந்தவரை நூலும் தட்டும் இருந்தன. சர்க்கரைக்காகக் கால் எடுப்பது அடியோடு நின்றுவிட்டது என்று சொன்னால் பொய்யாகும். ஆனால் அது எப்போதாவது நடக்கிற காரியமாகக் குறைந்ததை நான் பார்த்தேன். சிஸ்டர் பிறகு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அங்கும் போன முதல் வாரமே சமையல் கூடத்துக்குள் நுழைந்துவிட்டதாகக் கேள்வி. இப்போது எனக்கே சர்க்கரை. சில வருஷங்களுக்கு முன் நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். கட்டிலுக்குக் கட்டில் திரை, கம்ப்யூட்டர், பேனா மாதிரி ஒரு ஊசி. பேத்தி வயதில் ஒரு நர்ஸ் வந்து, "தட்டு வந்துடுச்சா தாத்தா? ஒரு வாய் சாப்பிடுங்க, அப்புறம் போடறேன்" என்றாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "இதுதான் ரூல்" என்றாள். எனக்கு அன்று உப்புமாவே அமிர்தமாக இருந்தது.

அம்மாள் வீட்டுக்குப் போனது தீபாவளிக்கு முந்திய வாரம். மோகனூர்க்காரர் நாமக்கல்லிலிருந்து வாடகைக் கார் பேசிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தார். வார்டுக்குள் வந்து, தூக்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினார். "அக்கட்டால நில்லுங்க" என்றார் அம்மாள். "தூக்கீட்டு வந்தீங்க, செரி. போறப்ப நான் நடப்பேன்." வராந்தாக் குழாயில் இரண்டு காலையும் கழுவினார். வலது பாதத்தைத் திருப்பித் திருப்பிக் கழுவினார். சிஸ்டரின் கையைப் பிடித்து, "வாரேன் சாமி" என்று சொல்லிவிட்டு, சிமெண்டுத் தரையில் மெல்ல நடந்து, படியிறங்கி, காரில் ஏறினார். கார் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் திரும்பியபோது, டாக்டர் வராந்தாவின் நடுவில், குறுக்கே கையை நீட்டிக்கொண்டு நின்றார். யாரும் மிதித்துவிடக் கூடாதாம். தரையில் ஈரக் காலடிகள் வரிசையாக இருந்தன. இடது பாதம் முழுசாக. வலது பாதம், சுண்டு விரல் இருந்த இடம் மட்டும் வெறுமையாக, மற்ற நாலு விரலும் அழுத்தமாக. அவர் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், ரவுண்ட்ஸுக்கு நேரமாச்சு" என்றார் சிஸ்டர்.

"இருங்க சிஸ்டர்" என்றார் அவர், தலையைத் தூக்காமல். "இன்னும் ஈரம் இருக்கு."